வேட்டியில் துடைத்த கை

3-6-2024, திங்கள்

காலையில் ரேஷன் கடை. வழக்கம்போல நான்தான் போனேன். விரல் வைக்கிற மெஷின் வந்ததிலிருந்து சௌந்திரம் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. “மெசினு என்ற வெரல எடுக்க மாட்டேங்குதுங்க” என்கிறாள். பரமத்தி வேலூரில் இருக்கிற அத்தனை பேர் விரலையும் எடுக்கிற மெஷினுக்கு என் பெண்டாட்டி விரல் மட்டும் கசக்கிறதாம். வரிசையில் நிற்கச் சோம்பல் என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகலாம்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு நாமக்கல் வண்டிக்காரன் இரண்டு நிமிஷம் தாமதித்து எடுத்தான். பின்னால் நின்ற வண்டிக்காரன் என்னோடு மல்லுக்கு வந்தான். முப்பது வருஷம் கண்டக்டராக டிக்கெட் கிழித்தபோது டைம் கீப்பரைத் திட்டாத நாளில்லை. இப்போது அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு நன்றாக வேண்டும்.

6-6-2024, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. வெயில்.

11-6-2024, செவ்வாய்

இனியா சாயங்காலம் அழுதுகொண்டே வந்தாள். திருச்செங்கோட்டில் அவள் லேப் அசிஸ்டெண்டாக இருக்கும் காலேஜில் மெமோ கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் ஆறு நாள் வேலைக்கே வரவில்லையாம். ஒரு நாள்கூட லீவு போடாதவள்! விஷயம் என்னவென்றால் அங்கேயும் விரல் வைக்கிற மெஷின். இவள் விரலில் எப்போதும் வேர்வை. துடைத்துத் துடைத்து வைப்பாளாம், வைப்பதற்குள் மறுபடி நனைந்துவிடுமாம். பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்களாம்.

“கையக் காட்டு” என்றேன். காட்டினாள். சும்மா ஈரம் என்று நினைத்தேன். இல்லை, விரல் நுனியில் சொட்டாக நிற்கிறது. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை! இருபத்தாறு வயசு மகளின் உள்ளங்கையை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று ஞாபகமே இல்லை.

சௌந்திரம் சமையலறையில் இருந்தபடியே சொன்னாள்: “எனக்கும் அப்படித்தான் சாமி. பயந்த சுபாவம்னா வேர்க்கும்னு எங்கம்மா சொல்லுவாங்க. பயப்படாம வெரல வெய்யி, எடுத்துக்கும்.”

எனக்கு என்னவோ அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. சனிக்கிழமை நாமக்கல் போய்த் தோல் டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

15-6-2024, சனி

டாக்டரம்மா சின்ன வயசு. இனியாவின் கையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை, பிடித்த கையை விடவும் இல்லை. அதுவே எனக்குப் பெரிசாகப் பட்டது.

அவர் சொன்னதை மறக்காமல் எழுதி வைக்கிறேன். இதற்கு ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்று பேர். மிகை வியர்வை. இது ஒரு உடம்புக் கோளாறு, குணக் கோளாறு இல்லை. உடம்பு சூடு ஆற எவ்வளவு வேர்க்க வேண்டுமோ அதைவிடப் பல மடங்கு வேர்க்கும். வேர்வைச் சுரப்பிக்குப் போகிற நரம்பு தேவையில்லாமல் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கிறதாம். இறங்க ஆளே இல்லாத ஸ்டாப்பில் விசில் ஊதுகிற கண்டக்டர் மாதிரி என்று நானாகப் புரிந்துகொண்டேன். பெரும்பாலும் சின்ன வயசிலேயே ஆரம்பிக்கும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும். பரம்பரையாகவும் வரும்.

“பயந்தாத்தான் வேர்க்கும்னு எங்கம்மா சொல்றாங்க மேடம்” என்றாள் இனியா.

“பயம் கொஞ்சம் கூட்டும். ஆனா காரணம் பயம் இல்ல. வேர்க்கறதைப் பாத்துத்தான் உனக்குப் பயமே வருது” என்றார்.

அப்புறம் கேட்டார், “வீட்ல வேற யாருக்காவது இருக்கா?”

“அம்மாவுக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே.”

நான் என் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

“தூங்கும்போது வேர்க்குமா?” இனியா இல்லை என்றாள். “அதுதான் அடையாளம். இந்த வேர்வை தூக்கத்துல நின்னுடும். தூக்கத்துல துணி நனையற அளவு வேர்த்தா அது வேற கதை. அப்படி யாருக்கு வந்தாலும் உடனே காட்டணும்.”

சர்க்கரை, தைராய்டு பார்க்க ரத்தம் எடுத்தார்கள். படுக்கப் போகும்போது காய்ந்த கையில் தடவ லோஷன். கேட்கவில்லை என்றால் தண்ணீர்த் தட்டில் கையை வைத்து லேசாகக் கரண்ட் விடுகிற வைத்தியம் உண்டாம்.

பஸ்ஸில் திரும்பும்போது இனியா ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தாள். “பேரு இருக்குதுங்கப்பா இதுக்கு” என்று இரண்டு தடவை சொன்னாள்.

16-6-2024, ஞாயிறு

இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்த டைரியிலும் எழுதியதில்லை.

எங்கள் கல்யாணம் 1996 ஆவணியில். முதல் நாள் சாயங்காலம் பெரியப்பா சின்னுசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்: “டேய் கந்தவேலு, நாளைக்குப் புள்ள கையப் புடிச்சு மணவறையச் சுத்தி வருவீல்ல, அப்பப் பாத்துக்க. கை கதகதன்னு இருந்தா மனசு நெறஞ்சு வந்திருக்கான்னு அர்த்தம். சில்லுனு வேர்த்துக் கெடந்துச்சுன்னா, இஷ்டமில்லாத புள்ளயக் கொண்டாந்து உக்கார வெச்சிருக்காங்க.” அவர் விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ. ஆனால் சௌந்திரத்தை அவள் அத்தை மகன் செல்லமுத்து கேட்டு, அவர்கள் வீட்டில் கொடுக்கவில்லை என்று ஏற்கனவே என் காதில் விழுந்திருந்தது.

மறுநாள் அவள் கையைப் பிடித்தேன். ஆற்றிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. மூன்று சுற்று. சுற்றி முடிந்து கையை விட்டதும் என் கையை வேட்டியில் துடைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. துடைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் நான் என்ன குறை வைத்தேன்? குடித்ததில்லை. கை நீட்டியதில்லை. இஷ்டமில்லாமல் வந்தவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒரு பெரிய மனுஷத்தனம். இனியா பிறந்த பிறகு, விடியாமலே முதல் வண்டிக்குப் போகிறவன் எழுந்தால் குழந்தை முழித்துக்கொள்ளும் என்று கட்டிலை முன் அறைக்குக் கொண்டுவந்தேன். திரும்பக் கொண்டுபோகவில்லை. அவளும் கேட்கவில்லை. அவள் கேட்காததை வைத்தே பெரியப்பா சொன்னது சரி என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அவள் எதையும் என் கையில் கொடுத்ததே இல்லை. காபி டம்ளரை ஸ்டூலில் வைப்பாள். சாப்பாட்டுத் தூக்கைத் திண்டின் மேல் வைப்பாள். சட்டையை நாற்காலியில் போட்டுவிட்டு “போட்டிருக்கறேனுங்க” என்பாள். இடுப்பில் எப்போதும் ஒரு கைக்குட்டை செருகியிருக்கும். அந்தக் கைக்குட்டை எதற்கு என்று ஒரு நாளாவது கேட்டேனா? ஒரு நாளைக்கு ஆயிரம் பேரிடம் எங்கே போகணும் என்று கேட்டவன்.

நரம்பு சேதி அனுப்பினால் செல்லமுத்து என்ன செய்வான், பாவம்.

18-6-2024, செவ்வாய்

சொல்லிவிடலாம் என்று சமையலறைக்குப் போனேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். “என்னங்க வேணும்?” என்றாள். தண்ணீர் என்று சொல்லிக் குடித்துவிட்டு வந்தேன்.

29-6-2024, சனி

லோஷன் கைகொடுக்கவில்லை. கரண்ட் வைத்தியம் ஆரம்பித்தாயிற்று. தட்டில் தண்ணீர், அதில் கை, பக்கத்தில் ஒயர். நான் எழுந்து நின்றுவிட்டேன். “சார், உட்காருங்க, பேட்டரி அளவுதான்” என்று நர்ஸ் சிரித்தாள். வாரத்துக்கு மூன்று தடவை வர வேண்டும். காலேஜில் டாக்டர் சீட்டைக் காட்டியதும் இவளுக்கு மட்டும் நோட்டில் கையெழுத்துப் போதும் என்று சொல்லிவிட்டார்கள். மெமோவையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

சௌந்திரம் கேட்டாள்: “நெசமா பயத்துனால இல்லீங்களா?”

“இல்லையாம்.”

ரொம்ப நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதாவது நான் பேசியிருக்கலாம்.

5-7-2024, வெள்ளி

கொடியில் காலையிலேயே மூன்று தலையணை உறை காய்கிறது. நேற்றும் இரண்டு காய்ந்தது. வெயில் காலம்தானே.

தையல்காரர் மணியன் வழியில் பார்த்துச் சொன்னார், “அக்கா ரவிக்கையெல்லாம் புடிக்கச் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஒடம்பு ரொம்ப எளச்சுப் போச்சுங்களே?” ஒரே வீட்டில் இருக்கிறேன். தையல்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

9-7-2024, செவ்வாய்

இன்றும் உறைகள். ஒரு போர்வையும்.

ஜூன் 15-ஐத் திருப்பிப் படித்தேன். “தூக்கத்துல துணி நனையற அளவு வேர்த்தா அது வேற கதை.” என் கையெழுத்துதான். கேட்கலாமா? எப்படிக் கேட்பது? இத்தனை வருஷம் முன் அறையில் படுத்தவன் திடீரென்று போய், ராத்திரி உனக்கு வேர்க்கிறதா என்று கேட்டால் என்ன நினைப்பாள்? இனியாவை விட்டுக் கேட்கச் சொல்லலாமா? அவளும் மாடியில்தான் படுக்கிறாள்.

நாளைக்குக் கேட்கிறேன்.

13-7-2024, சனி

கேட்கவில்லை.

24-7-2024, புதன்

பதினைந்து நாள். எண்ணிப் பார்த்தேன். பதினைந்து நாள் நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

காலையில் துணி உலர்த்தும்போது கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போய்த் தோளைத் தொட்டேன், காய்ச்சல். டைரியைக் கொண்டுவந்து அந்த வரியை அவளுக்குப் படித்தே காட்டினேன், வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

“ஆமாங்க. தூக்கத்துலயும் வேர்க்குது. தலகாணி, பாயி எல்லாம் நனஞ்சு போயிருதுங்க.”

“எப்ப இருந்து?”

“தையில இருந்துங்க.”

“ஏஞ் சொல்லல?”

“எனக்கு எப்பவுமே வேர்க்கறதுதானுங்களே. இதுல புதுசா என்னத்தச் சொல்றது?”

தையில இருந்து! ஆறு மாசம் முடிஞ்சு போச்சு. நான் அங்கே அஞ்சு தப்படி தள்ளிக் குறட்டை விட்டுக்கிட்டுக் கெடந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்திருந்தா — அய்யோ சௌந்திரம்.

3-8-2024, சனி

ஆடிப் பதினெட்டு. காவிரியில் வெள்ளம், இறங்க விடவில்லையாம். ஊரே கரையில் நின்று பார்க்கிறது. நாங்கள் சேலம் ஆஸ்பத்திரியில். கழுத்திலும் கக்கத்திலும் கட்டி இருக்கிறது. வலிக்காத கட்டி, அதனால் அதையும் சொல்லவில்லை. கொஞ்சம் வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

9-8-2024, வெள்ளி

நிணநீர்ப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை வரைக்கும் போய்விட்டது. பெரிய டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எடை எப்போது குறைய ஆரம்பித்தது? ராத்திரி வேர்வை எவ்வளவு? விட்டு விட்டுக் காய்ச்சல் வந்ததா? எல்லாக் கேள்வியும் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவள்தான் பதில் சொன்னாள்.

கைவேர்வைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டேன். துளியும் இல்லையாம். அது கூடவே பிறந்தது, ஒன்றும் செய்யாது. இது வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரே வேர்வை என்று அவளும் இருந்துவிட்டாள், நாங்களும் இருந்துவிட்டோம்.

“கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா...” என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

21-8-2024, புதன்

முதல் கீமோ முடிந்து ஒரு வாரம். மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுத் தெளிவாக இருந்தாள். இனியா மருந்து வாங்கப் போயிருந்தாள். இன்றைக்கு விட்டால் இல்லை என்று ஆரம்பித்தேன். மணவறையில் பிடித்த கை, பெரியப்பா சொன்னது, நான் நினைத்துக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் சொன்னாள்: “நீங்க வேட்டில தொடச்சீங்கல்ல.”

“பாத்துட்டியா?”

“பாக்காம? அந்தக் கல்யாணத்துல எனக்கு ஞாபகம் இருக்கறது அது ஒண்ணுதானுங்க. அருவருத்துட்டாங்கன்னு நெனச்சேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இந்தக் கையி அவுங்க மேல படக் கூடாதுன்னு. கொடிக்கால்ல வெத்தல அடுக்கறப்பவே எங்க சித்தப்பா என்னைய ஒதுக்கி உக்கார வெப்பாரு, ஈரக்கை பட்டா வெத்தல அழுகிப் போகும்னு. உங்களையும் நான் தப்புச் சொல்லலீங்க.”

“அப்ப அந்தச் செல்லமுத்து?”

சிரித்துவிட்டாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. “அந்த மூக்கொழுகியவா? அவனுக்குக் குடுத்திருந்தா நான் ஊட்ட உட்டே ஓடியிருப்பேனுங்க.”

இருபத்தெட்டு வருஷம். எதிரிகளாக இருந்திருந்தாலாவது ஒரு சண்டையில் வெளியே வந்திருக்கும். ஒருத்தருக்கு ஒருத்தர் சங்கடம் கொடுக்கக் கூடாது என்றே இருந்து தொலைத்துவிட்டோம்.

ஊசி குத்தாத கையை எடுக்கப் போனேன். “வேண்டாமுங்க, ஈரமா இருக்குது” என்று போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் வற்புறுத்தவில்லை. அந்தப் பாழாய்ப்போன பெரிய மனுஷத்தனம் இன்னும் என்னை விடவில்லை.

2-9-2024, திங்கள்

வீட்டில் இருக்கிறாள். என் கட்டிலைத் தூக்கி உள் அறையில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டேன். “இப்ப எதுக்குங்க?” என்றாள். ஃபேன் அங்கே நன்றாகச் சுற்றுகிறது என்று சொன்னேன்.

8-9-2024, ஞாயிறு

தலையணை உறையை இப்போது நான்தான் துவைக்கிறேன்.

19-9-2024, வியாழன்

இரண்டாவது கீமோவிலிருந்தே சாப்பாடு இறங்கவில்லை. மறுபடி சேலம்.

இன்று கேட்காமலே கையைப் பிடித்துக்கொண்டேன். இழுக்கவில்லை. இழுக்கத் தெம்பு இல்லை என்று முதலில் நினைத்தேன். உள்ளங்கை காய்ந்து கிடந்தது. சொரசொரவென்று, வெயிலில் கிடந்த காகிதம் மாதிரி. ஒரு பொட்டு ஈரம் இல்லை. உடம்பில் நீர் இல்லையாம், மருந்தும் அப்படியாம். நர்ஸ் சொன்னாள்.

சௌந்திரம் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “இப்பத்தான் தொடைக்க வேண்டியதில்லீங்களே.”

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். எத்தனை பேர் ஏறி இறங்கினார்களோ.

1-10-2024, செவ்வாய்

காய்ச்சல் இறங்கவில்லை. ரத்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டது என்கிறார்கள். உள்ளே ஒருத்தர்தான் போகலாம். நானும் இனியாவும் மாற்றி மாற்றிப் போகிறோம்.

6-10-2024, ஞாயிறு

சௌந்திரம். காலை 6.40.

வண்டி புறப்பட்ட நேரம் எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறேன். வேறு எப்படி எழுத?

13-10-2024, ஞாயிறு

செல்லமுத்து வந்திருந்தான். தலையெல்லாம் நரைத்துவிட்டது. வாசலில் நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். இவனையா இத்தனை வருஷம் மனசுக்குள் வைத்துப் புகைந்தேன் என்று இருந்தது.

அவள் சேலைகளை இனியா மடித்து வைத்தாள். கைக்குட்டை மட்டும் நாற்பத்திரண்டு. எல்லாம் வெள்ளை, எல்லாம் நாலாக மடித்தது. அவற்றை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

31-10-2024, வியாழன்

தீபாவளி. எங்களுக்கு இல்லை.

11-11-2024, திங்கள்

இன்று முதல் இனியா வேலைக்குப் போகிறாள். கரண்ட் வைத்தியத்தை மறுபடி ஆரம்பிக்க நாமக்கல்லில் நாள் கேட்டிருக்கிறாள். காலையில் அவள்தான் காபி போட்டாள். கொண்டுவந்து ஸ்டூலில் வைத்துவிட்டு, “வெச்சிருக்கறேனுங்கப்பா” என்று திரும்பினாள். அவள் அம்மா வைக்கிற அதே இடம்.

“கையில குடு சாமி” என்றேன்.

“ஈரமா இருக்குதுங்கப்பா. வைத்தியம் உட்டு ரெண்டு மாசமாச்சு.”

“பரவால்ல. குடு.”

அப்புறம் கையைப் பாவாடையில் துடைக்கப் போனவளை வேண்டாம் என்றேன். டம்ளரை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தாள். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். அவள் விரலெல்லாம் தண்ணீர். டம்ளர் சூட்டோடு என் உள்ளங்கையும் நனைந்தது.

காபியில் சர்க்கரை குறைவு. சொல்லவில்லை. கையை அப்படியே வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். முதல் நாமக்கல் வண்டியை அனுப்பும்போதுதான் காய்ந்திருந்தது.